ஒரே போனை வைத்துக்கொண்டு மின்னூலைச் சோதிப்பது எப்படி?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் குடும்பத்துக்குச் சின்ன அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் அழைப்பிதழ்தான் அன்றாட வேலை. இப்போது மின்னூலும் செய்கிறேன். இரண்டு நூல்கள் முடிந்திருக்கின்றன. ஒன்று, எதிர்வீட்டு ஆச்சி சொல்லச் சொல்ல எழுதிய பலகார நூல். இன்னொன்று, பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த ஒரு குடும்பத்தின் பழைய பேரேட்டை வைத்து எழுதிய வரலாறு. என் போனில் இரண்டும் அழகாகத் தெரிகின்றன. ஆனால் சிங்கப்பூரில் கிண்டிலில் படித்தவர், கணக்குப் பகுதியில் அங்கங்கே கட்டம் கட்டமாக வருகிறது என்கிறார். கோலாலம்பூரில் ஒருவருடைய ஐபேடில் அட்டவணையின் வலது பக்கம் வெட்டுப்படுகிறது. பினாங்கில் கோபோ என்ற வாசிப்புக் கருவி வைத்திருப்பவருக்குக் கொம்பெல்லாம் இடம் மாறித் தெரிகிறதாம். எல்லாக் கருவியையும் வாங்க வசதியில்லை. 5,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். விண்டோஸ் மடிக்கணினி ஒன்றும் ஆண்ட்ராய்டு போன் ஒன்றும் உண்டு. எந்தக் கருவியை வாங்கலாம்?

— வாசகி, தேவகோட்டை

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். உங்களுக்கு வந்த மூன்று புகாருக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள். முதல் இரண்டையும் உங்கள் மடிக்கணினியிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். மூன்றாவதற்குப் பினாங்கு வாசகர் கொஞ்சம் ஒத்துழைத்தால் போதும்.

கடையில் எத்தனை மாடல் இருந்தாலும், உள்ளே பக்கத்தை அமைத்துக் காட்டும் மென்பொருள் நாலைந்து வகைதான். கிண்டிலுக்கு அமேசானின் சொந்த மென்பொருள். ஐபேடிலும் ஐபோனிலும் ஆப்பிள் புக்ஸ். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் கூகுள் பிளே புக்ஸ். கோபோவில் மட்டும் ஒரே கருவிக்குள் இரண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். ஆகவே கருவிகளை எண்ணாதீர்கள், இந்த வகைகளை எண்ணுங்கள். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் கிண்டில் செயலியையும் பிளே புக்ஸையும் சேர்த்து வைத்தாலே இரண்டு வகை கைக்கு வந்துவிடுகிறது. மடிக்கணினியில், கிண்டிலில் நூல் எப்படித் தெரியும் என்று காட்டும் கிண்டில் பிரீவியூவரும், மின்னூல் படிக்கும் தோரியம் ரீடரும் போட்டுக்கொண்டால் இன்னும் இரண்டு கோணம். எல்லாமே இலவசம். மிச்சம் நிற்பவை ஆப்பிளும் கோபோவும்தான்.

அடுத்து, புகாரைப் படிக்கும் விதம். தமிழ் மின்னூல் கெட்டுப்போவது பெரும்பாலும் நான்கு விதமாகத்தான். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிச் சோதனை முடிந்த மாதிரி.

எழுத்துக்குப் பதிலாகக் காலிக் கட்டம் வந்தால், அந்த எழுத்து அங்கே பயன்படும் எழுத்துருவில் இல்லை என்று பொருள். எழுத்து இருக்கிறது, ஆனால் கொம்பு தவறான பக்கம் நிற்கிறது, ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விட்டது என்றால், அந்த மென்பொருளுக்குத் தமிழை அடுக்கத் தெரியவில்லை. யூனிகோடில் (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) ககரம் முன்னால், கொம்பு பின்னால் என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. இதற்கு எந்த எழுத்துருவை இணைத்தாலும் பயனில்லை. மூன்றாவது, கொம்போ காலோ ஒரு புள்ளிவட்டத்தோடு தனியாகத் தொங்கும். அது உங்கள் கோப்பிலேயே இருக்கும் பிழை. எழுத்துகள் தவறான வரிசையில் உள்ளே போயிருக்கின்றன. நான்காவது, தமிழ் வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வரும். பழைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த பகுதி யூனிகோடுக்கு மாறாமல் தங்கிவிட்டது என்று அர்த்தம்.

அச்சகம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடைசி இரண்டும் சர்வ சாதாரணம். பேஜ்மேக்கரில் கிடந்த பழைய கோப்பை யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்திருப்பீர்கள். மாற்றி நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் தலைப்பு, அடிக்குறிப்பு, படத்தின் கீழே வரும் வரி போன்ற, வேறு எழுத்துருவில் இருந்த இடங்களில் கோட்டை விடும். இதைக் கண்ணால் தேட வேண்டாம். மின்னூலைத் திருத்தும் இலவச மென்பொருள்களான காலிபர் எடிட்டரிலும் சிஜிலிலும் அறிக்கைகள் என்ற பகுதியில், நூல் முழுவதிலும் பயன்பட்டிருக்கும் எழுத்துகளின் பட்டியலை எடுக்கலாம். தமிழ் நூலில் வர வேண்டியதே இல்லாத ஒரு குறி அதில் இருந்தால், அது எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று அங்கிருந்தே போய்ப் பார்த்துவிடலாம். அப்புறம் தேடும் பெட்டியில் ஓர் இடைவெளியையும் அடுத்தே ஓர் ஒற்றைக் கொம்பையும் போட்டுத் தேடுங்கள். சரியான தமிழில் எந்தச் சொல்லும் கொம்புக் குறியில் தொடங்காது. ஏதாவது மாட்டினால் அது மாற்றி செய்த பிழைதான். இரட்டைக் கொம்புக்கும் ஐகாரக் குறிக்கும் இதையே செய்யுங்கள்.

இனி உங்கள் சிங்கப்பூர் வாசகரின் கட்டத்துக்கு வருகிறேன். ‘கணக்குப் பகுதியில் அங்கங்கே’ என்று அவர் சொன்னதுதான் துப்பு. பலகார நூலில் கட்டம் வரவில்லை, வரலாற்று நூலிலும் மற்ற பக்கங்களில் வரவில்லை. ஆக, கிண்டிலுக்குத் தமிழ் தெரிகிறது. பேரேட்டின் குறிகள்தான் தெரியவில்லை. அந்தப் பேரேட்டில் இரண்டு தலைமுறைக் குறிகள் கலந்திருக்கும். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ ஆகியவை 2003-லேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டன. நல்ல தமிழ் எழுத்துரு பலவற்றில் இவை உண்டு. ஆனால் மாகாணி, அரைக்கால், காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் 2019-இல்தான் யூனிகோடுக்குள் வந்தன, அதுவும் வழக்கமான தமிழ்ப் பகுதியில் இல்லாமல் தனியாக ஒரு துணைப் பகுதியில். பெரும்பாலான கருவிகளின் தமிழ் எழுத்துருவில் அவை கிடையாது. உங்கள் போனில் தெரிந்ததற்குக் காரணம், நூலோடு நீங்கள் இணைத்த எழுத்துரு அங்கே எடுபட்டிருக்கும். கிண்டிலில் வாசகர் தமக்குப் பிடித்த வேறு எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் உங்களுடையது பின்னால் போய்விடும்.

என் யோசனை இது. பின்னத்தை நூலின் ஓட்டத்தில் சொல்லாகவே எழுதிவிடுங்கள்: ‘மூன்றே மாகாணி’, ‘அரைக்கால் ரூபாய்’ என்று. இன்றைய வாசகருக்காக அடைப்புக்குள் 1/16, 1/8 என்று போடலாம். குறியின் வடிவத்தைக் காட்டியாக வேண்டும் என்றால் நூலின் தொடக்கத்தில் ஒரு குறிவிளக்கப் பக்கம் வைத்து, அங்கே மட்டும் படமாகக் காட்டுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லில் விளக்கும் வரி) எழுதுங்கள். ௶, ௷ போன்றவற்றை எழுத்தாகவே வைக்கலாம். நோட்டோ செரிஃப் தமிழ் போல இலவச உரிமம் உள்ள எழுத்துருவை இணைத்து, அந்தக் குறிகள் அதில் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இணைக்கும்போது ஒரு கவனம்: தரவிறக்கினால் தடிமனை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒற்றைக் கோப்பும், ‘ஸ்டாட்டிக்’ என்ற உறைக்குள் தனித்தனிக் கோப்புகளும் வரும். பழைய வாசிப்புக் கருவிகளுக்குத் தனிக் கோப்புதான் பாதுகாப்பு. விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா போன்றவற்றை எடுத்து நூலுக்குள் வைக்காதீர்கள். அதற்கு உரிமம் வேண்டும்.

கணக்குப் பக்கத்தை அப்படியே படமெடுத்துப் போட்டுவிட்டால் எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியுமே என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். படத்தில் இருக்கும் ஊர்ப் பெயரையோ ஆள் பெயரையோ யாரும் தேடி எடுக்க முடியாது. சின்னத் திரையில் பெரிதாக்கினால் வரி கைக்கு வராது. பார்வையற்ற வாசகருக்கு அந்தப் பக்கமே இல்லாததாகிவிடும். நம் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த நூல்களும் தாள்களும்தான் 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. வருகிறவர்கள் அதில் தேடுவது பெரும்பாலும் ஒரு பெயரை, ஒரு தேதியை, ஒரு தொகையை. நீங்கள் செய்யும் நூலும் அப்படித் தேடப்பட வேண்டியது. ஒரு குடும்பத்தின் பேரேட்டை வெளியே கொண்டுவருவது சின்னக் காரியமில்லை.

கோலாலம்பூர் ஐபேடில் அட்டவணை வெட்டுப்படுவதற்குக் காரணம் அநேகமாக அகலம். அச்சுக்குச் செய்த பக்கத்திலிருந்து வந்த அட்டவணையில், இத்தனை பிக்சல் அகலம் என்று கட்டாயமாக எழுதியிருக்கும். அந்த எண்ணை எடுத்துவிடுங்கள். ஆனால் அதோடு முடியாது. தேதி, பெயர், பற்று, வரவு, வட்டி, நிலுவை என்று ஆறு நெடுவரிசை இருந்தால், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் வயதான வாசகருக்கு அது எந்தத் திரையிலும் அடங்காது. உங்கள் நூலை வாங்குகிறவர்களில் பாதிப்பேராவது அறுபதைக் கடந்தவர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம். பதிவுக்கு ஒரு சிறு பத்தியாக உடைத்து எழுதுங்கள்: முதல் வரியில் தேதியும் பெயரும், அடுத்த வரியில் பற்றும் வரவும், மூன்றாவதில் வட்டியும் நிலுவையும். மூன்று நெடுவரிசைக்குள் அடங்குவதை மட்டும் அட்டவணையாக விடுங்கள். இதைச் சோதிக்க ஐபேட் வேண்டாம். தோரியத்தில் நூலைத் திறந்து, சன்னலை உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கி, எழுத்தை ஆகப் பெரிதாக்குங்கள். அங்கே தாங்கும் அட்டவணை பெரும்பாலும் எங்கும் தாங்கும்.

கோபோவின் கதை வேறு. சாதாரண ஈபப் கோப்பை (மின்னூலுக்கான பொது வடிவம்) கோபோவில் போட்டால் அடோபியின் பழைய மென்பொருள் அதைத் திறக்கும். தமிழ் அதில்தான் பெரும்பாலும் குலைகிறது. கோபோவுக்கே உரிய கேபப் வடிவில் போட்டால் வேறு மென்பொருள் திறக்கும், அது தமிழை நன்றாகவே அடுக்கும். காலிபரின் புதிய பதிப்பிலேயே கேபப்பாக மாற்ற முடியும். கேபபிஃபை என்ற இலவசக் கருவியும் இருக்கிறது. மாற்றிய கோப்பைப் பினாங்குக்காரருக்கு அனுப்பிப் பாருங்கள். அதிலும் கொம்பு இடம் மாறினால், கோபோவின் போன் செயலியில் படிக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: கோபோவில் சரியாகத் தெரிவதற்காகக் கோப்பில் கொம்பை முன்னால் தட்டிவிட்டால், மற்ற எல்லா இடத்திலும் நூல் கெட்டுவிடும். தேடலும் செத்துவிடும்.

சரி, வேலையை எந்த வரிசையில் செய்வது? முதலில் ஈபப்செக். இது ஈபப்பின் தரவிதிகளை வைத்துக் கோப்பைச் சரிபார்க்கும் இலவச மென்பொருள். கட்டளை எழுதத் தயக்கமாக இருந்தால் பகினா ஈபப் செக்கர் என்று சன்னலோடு வரும் வடிவம் ஒன்று உண்டு. கோப்பை இழுத்துப் போட்டால் போதும். பிழை என்று வருவது ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு முடிவெடுக்கலாம். இந்த இடத்திலேயே நூலின் மொழி எது என்று குறித்திருக்கும் வரியையும் பார்த்துவிடுங்கள். வார்ப்புருவிலிருந்து செய்த கோப்புகளில் அது ஆங்கிலம் என்றே கிடக்கும். எந்த எழுத்துருவைக் காட்டுவது, எந்தக் குரலில் வாசிப்பது என்பதற்கெல்லாம் கருவிகள் அந்த வரியைத்தான் பார்க்கின்றன.

அடுத்து கிண்டில் பிரீவியூவர். டேப்லெட், போன், மின்மைத் திரை (இ-இங்க்) உள்ள கிண்டில் என்று மூன்று தோற்றத்திலும் காட்டும். அமேசான் தன் பக்கத்தில் எப்படி மாற்றுமோ ஏறக்குறைய அப்படியே மாற்றிக் காட்டுவதால், காலிபரில் கிண்டில் கோப்பு செய்து பார்ப்பதைவிட இது நம்பகமானது. எழுத்தின் அளவையும் எழுத்துருவையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

பிறகு அதே ஈபப்பைப் பிளே புக்ஸில் பதிவேற்றிப் போனில் திறந்து, இரவுத் தோற்றத்துக்கு மாற்றுங்கள். வரலாற்று நூலில் வீட்டின் வரைபடம் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கோடு கிழித்து எழுதிய படம். அதன் பின்னணி ஒளிபுகுவதாக இருந்தால், கறுப்புத் திரையில் கறுப்புக் கோடு காணாமல் போய்விடும். வெள்ளைப் பின்னணியோடு சேமியுங்கள். எழுத்துக்குக் கறுப்பு நிறம் என்று வலிந்து குறித்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் படங்களை மடிக்கணினியிலேயே சாம்பல் நிறமாக்கிப் பாருங்கள். சிவப்புப் பூவும் பச்சைத் தரையும் ஒரே சாம்பலாகிவிட்டால், மின்மை கிண்டிலிலும் அப்படித்தான் தெரியும். வெளிச்சத்தை ஏற்றி இறக்கிச் சரிசெய்ய முடியாத படத்துக்கு, நிறத்தைக் கீழே வார்த்தையில் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பிறர் கையில் கொடுக்க வேண்டும். அப்போதும் முழு நூலைக் கொடுக்காதீர்கள். கடினமானவற்றை மட்டும் திரட்டி ஐந்தாறு பக்கத்தில் ஒரு சோதனைக் கோப்பு செய்யுங்கள். அதில் ‘கொழுக்கட்டை, தேன்குழல், வெள்ளைப் பணியாரம், சௌகரியம், ஸ்ரீ’ என்று ஒரு வரி இருக்கட்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், இரண்டு பக்கமும் நிற்கும் ஒகரம், ஔகாரம், கூட்டெழுத்து எல்லாம் அந்த ஒரு வரியில் வந்துவிடுகின்றன. அப்புறம் பேரேட்டுக் குறிகள் ஒரு வரி, ஓர் அட்டவணை, வீட்டு வரைபடம், ஓர் அடிக்குறிப்பு, பொருளடக்கத்திலிருந்து தாவும் இணைப்பு ஒன்று.

உறவுக்காரர்களிடம் ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். அன்பில் சொல்வார்கள், உங்களுக்கு அதனால் பயனில்லை. செய்யச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தை ஆகப் பெரிதாக்கி அட்டவணைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸப்பில் ஆவணமாக அனுப்பினால் படம் மங்காது. தேடும் பெட்டியில் ‘கொழுக்கட்டை’ என்று தட்டி, எத்தனை இடம் கிடைக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். கோப்பில் ஒகரம் ஒரே குறியாக இல்லாமல் கொம்பும் காலுமாகப் பிரிந்து பதிந்திருந்தால், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், தேடினால் சில மென்பொருளில் அகப்படாது. ஔகாரத்துக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டியிருந்தாலும் இதே கதி. இப்படிப்பட்ட பிழையைப் படத்தில் பார்க்கவே முடியாது. தேடித்தான் பிடிக்க வேண்டும். கருவியின் மாடலையும் மென்பொருள் பதிப்பு எண்ணையும் கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது ஒரு கருவியில் மட்டும் பிழை வந்தால், கோப்பின் மேல் தவறா கருவியின் மேல் தவறா என்று குழம்ப வேண்டாம். பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-லிருந்து நடக்கும் மதுரைத் திட்டத்தில் யூனிகோடில் உள்ள ஏதாவது ஒரு நூலின் பக்கத்தை எடுத்து, எழுத்துரு எதுவும் இணைக்காமல் சின்ன ஈபப்பாகச் செய்து அதே கருவிக்கு அனுப்புங்கள். அதுவும் கெட்டால் கருவிக்குத் தமிழ் போதவில்லை. அது நன்றாக வந்து உங்களுடையது கெட்டால், திரும்ப உங்கள் கோப்பைத் திறக்க வேண்டியதுதான்.

செட்டிநாட்டில் இருப்பதில் நமக்கு ஒரு வசதி. தை, ஆவணியில் கல்யாணம் என்றும் அறுபதாம் கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் ஊருக்கு வந்து இறங்குகிறார்கள். ஐபேட், கிண்டில் எல்லாம் அவர்கள் பையிலேயே வருகின்றன. ஆச்சி வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் கால் மணி நேரம் கேட்டு வாங்கி, சோதனைக் கோப்பை உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள். ஆப்பிள் புக்ஸைச் சோதிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

பணத்துக்கு வருவோம். யாராவது பழைய மின்மை கிண்டிலைக் கைமாற்றாகக் குறைந்த விலைக்குத் தந்தால் வாங்கலாம். திரை புதுப்பிக்கும் வேகமும் சாம்பல் நிறமும் பிரீவியூவரில் முழுதாகப் புரியாது. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், குடி முழுகிவிடாது. 5,000 ரூபாயில் பெரும்பகுதியை நான் மெய்ப்புப் பார்க்கிறவருக்குத்தான் கொடுப்பேன். முழு நூலையும் முதலிலிருந்து கடைசிவரை போனில் மட்டும் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், தாளில் வேண்டாம். அத்தியாயத் தலைப்பு பக்கத்தின் அடியில் ஒற்றையாக நிற்பது, இருபுறமும் சமன்செய்த வரியில் நீளமான தமிழ்ச் சொல் இறங்கிப்போய் மேல்வரியில் பெரிய இடைவெளி விழுவது, படம் ஒரு பக்கமும் அதன் விளக்கம் அடுத்த பக்கமுமாகப் பிரிவது போன்றவற்றை எந்த மென்பொருளும் சொல்லாது. வரியைச் சமன்செய்யாமல் இடது பக்கமாக மட்டும் ஒழுங்கு செய்தால் அந்த இடைவெளி தீரும். அச்சுப் பக்கத்தைப் பார்த்துப் பழகியவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், படிக்கத் தொடங்கினால் மறந்துவிடுவார்கள்.

ஏற்கெனவே விற்ற பிரதிகள் இருக்கின்றன. நேராக உங்களிடம் வாங்கியவர்களுக்குத் திருத்திய கோப்பை அனுப்பிவிடுங்கள். கோப்பின் பெயரிலும் உரிமைப் பக்கத்திலும் பதிப்பு எண் போடுங்கள், அடுத்த புகார் வரும்போது எந்தக் கோப்பைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும். அமேசானில் போட்டிருந்தால், புதிய கோப்பை ஏற்றினாலும் பழைய வாசகர் எல்லாருடைய கருவியிலும் அது தானாக மாறிவிடாது. சிங்கப்பூர்க்காரரிடம் அவருடைய கணக்கில் நூல்கள் தானாகப் புதுப்பிக்கப்படும் அமைப்பு இயங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதலில் பேரேட்டு நூலின் அட்டவணையையும் பின்னங்களையும் திருத்துங்கள். பலகார நூலுக்குத் தேடல் சோதனையும் ஈபப்செக்கும் இப்போதைக்குப் போதும்.